கித்தான் தைக்கிறவனின் பஞ்சுப் போர்வை

ஜனவரி 12, 1944. புதன்

இன்று டொக்யாட்டில் ஒரு பீரங்கிக்குத் தடித்த கித்தான் துணியில் உறை தைத்து முடித்தேன். எந்தக் கப்பலின் பீரங்கி என்று எழுதக் கூடாதாம். துரை எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். எழுதினால் யப்பான்காரன் நீர்மூழ்கியில் வந்து, எங்கள் அலுமாரியைத் திறந்து, என் மனுசி யோகம்மாவின் சீலைகளுக்குக் கீழே கிடக்கிற இந்தக் கொப்பியை எடுத்து வாசிப்பான் போல. வாசிக்கட்டும். என் கையெழுத்து அவனுக்கு விளங்கினால் திருகோணமலையை அவனே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தால் மச்சான் ஹெக்டர் என்னுடைய கதிரையில் இருக்கிறார். யோகம்மாவின் தமையன். கலியாணம் பேசுவதென்றால் சோறு தண்ணி தேவையில்லை என்று சொல்லுவார். சொல்லிவிட்டு இரண்டையும் கேட்டு வாங்குவார்.

பண்டாரவளையில் இருந்து நல்ல பதில். பெடியன் யேசுரட்ணம், அங்கே ரயில்வேயில் கிளாக்கர். போன நத்தாருக்கு இங்கே சித்தப்பன் வீட்டுக்கு வந்தவன். கரோல் பாடப் போன இடத்தில் அவனுடைய சைக்கிள் சங்கிலி கழன்றுவிட, எங்கள் மகள் இன்பமலர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அவனைச் சங்கிலியைப் பிடிக்கச் சொல்லிப் பூட்டிக் கொடுத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற பிள்ளைக்கு இந்த வேலையும் தெரியும். "அண்டைக்குக் கையில பிடிச்ச கறுப்பு இன்னும் போகேல்லையாம், பெடியன் கழுவவும் மாட்டானாம்" என்றார் மச்சான். குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுபோனது.

எல்லாம் சரி. ஒரேயொரு சோலி. பெடியனின் தாய் கிறிஸ்டின் அக்கா வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். மருமகளாக வருகிறவள் தன் கையால் தைத்த பஞ்சுப் போர்வையோடுதான் வாசற்படி ஏற வேண்டும். மலைநாட்டுக் குளிர். ஒட்டுத்துணியில் மேற்பக்கம், நடுவில் பஞ்சு, கீழே இன்னொரு துணி, ஓரத்தில் பூவேலை. ஈஸ்டருக்கு அடுத்த நாள் அக்கா வந்து பார்ப்பா.

"பிள்ளைக்குத் தையல் தெரியும்தானே மச்சான்?"

நான் "ஓம்" என்றேன். யோகம்மா என்னைப் பார்த்த பார்வையில் கித்தானும் கிழிந்திருக்கும்.

ஜனவரி 16. ஞாயிறு

மகளின் தையலைச் சோதித்தோம். கைலேஞ்சி ஒன்றுக்கு ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னேன். பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள். முடித்துவிட்டு எழும்ப, கைலேஞ்சியும் எழும்பியது. தன் பாவாடையோடு சேர்த்துத் தைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர் இவளைக் கணக்கு வகுப்புக்குக் கலைத்துவிட்ட காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

தாயும் உதவாது. யோகம்மா என் சேட்டில் கிழிசலைக் கண்டால் இழுத்து முடிந்துவிடுவாள். அதைப் போட்டுக்கொண்டு போனால், பொட்டணம் நடந்து போகிற மாதிரி இருக்கும்.

"இந்தச் சம்மந்தம் விட்டுப்போனால் பரவாயில்லை, வேற பார்க்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வேற வேண்டாம்" என்றாள் இன்பமலர். சத்தமில்லாமல்தான் சொன்னாள். அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. சத்தமில்லாமல் சொன்னால்தான் பயம்.

ஜனவரி 18. செவ்வாய்

யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஜனவரி 23. ஞாயிறு

மகாராசாவின் கப்பல்களுக்கு வெயில்மறைப்பு தைக்கிறவனுக்கு ஒரு பூ தைக்க ஏலாதா என்ற எண்ணத்தோடு தலையணை உறை ஒன்றில் உட்கார்ந்தேன். உள்ளங்கைத் தோற்பட்டையைப் போட்டு, முக்கோண ஊசியை எடுத்து, நூலுக்குத் தேன்மெழுகு பூசி, ஒரு குத்து. உறைக்குள் தலையணை இருந்ததை மறந்துபோனேன். வீடு முழுக்கப் பஞ்சு. யோகம்மா தும்மினாள்.

பின்னேரம் வெட்கத்தை விட்டு, கூட வேலை செய்கிற கலீலுர் றஹ்மான் வீட்டுக்குப் போனேன். அவனுடைய மனைவி மைமூனா பூவேலையில் பேர் போனவள். பெரியகடைப் பக்கம் கலியாண வீடென்றால் தலையணை உறை அவள் கையால்தான். கதையைக் கேட்டு றஹ்மான் சிரித்துச் சிரித்து வாங்குப் பலகையிலிருந்து சறுக்கிவிட்டான். ஆனால் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். படிப்பிப்பாவாம். ஆனால் முன்னுக்கு வர மாட்டா. திரைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். துணி மட்டும் திரைக்குக் கீழால் போய் வரும்.

"அண்ணன், முதல்ல அந்த ஊசியை வீசிடுங்க" என்றது திரை. "அது மாட்டுக்கு மூக்கு குத்துற ஊசி."

பெப்ரவரி 6. ஞாயிறு

மூன்றாம் பாடம். ஓட்டத் தையல் பாஸ். பின் தையல் பாஸ். சங்கிலித் தையலில் மறிபட்டு நிற்கிறேன். ஒவ்வொரு வளையமும் தளர்வாக, ஒரே அளவில் படுக்க வேண்டும். என் கையோ நூலைக் கண்டால் இழுத்து இறுக்கத்தான் பழகினது. துணி சுருங்கி அரிசிமா முறுக்கு மாதிரி வந்துவிட்டது. திரைக்குக் கீழால் அனுப்பினேன்.

"அண்ணன், இது பூவா, நங்கூரமா?"

"பூ, தங்கச்சி."

"அப்ப தண்ணிக்குள்ள போட்டிராதீங்க, தாழ்ந்திரும்."

றஹ்மான் நடுவில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவர் மாதிரித் தலையாட்டுகிறான். நாளைக்கு யாட்டில் இதையெல்லாம் சொல்ல மாட்டேன் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். "இதுக்கெல்லாம் சத்தியம் பண்ணப்படாது" என்று தப்பிவிட்டான்.

பெப்ரவரி 7. திங்கள்

யாட் முழுக்கத் தெரியும்.

பெப்ரவரி 20. ஞாயிறு

துணிக்குக் கூப்பன் இருக்கிற காலம். புதுத்துணி என்று ஒரு சாணும் வாங்க ஏலாது. ஆகவே மேற்பக்கத்துக்கு என் பழைய சாரங்கள், யோகம்மாவின் பச்சைச் சீலை, இன்பமலர் சின்னதில் போட்ட சட்டைகள், பின்யன்னல் திரைச்சீலை. எல்லாம் சதுரமாக வெட்டியாச்சு. கீழ்ப்பக்கத்துக்கு அமெரிக்கன் மாச் சாக்கு. அதில் அடித்திருந்த எழுத்தைப் போக்க யோகம்மா சாம்பல் தண்ணியில் அவித்தாள். எழுத்து போகவில்லை, சாம்பல் நிறத்தில் இன்னும் வடிவாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்தை உள்ளுக்கு விட்டுத் தைக்கத் தீர்மானம்.

பஞ்சு, கட்டைபறிச்சானில் இருக்கிற யோகம்மாவின் சொந்தக்காரர் லோஞ்ச் படகில் அனுப்பின இலவம்பஞ்சு. கொட்டை எடுத்து உரித்தது யோகம்மா. மூன்று நாள் அவளுடைய மூக்கும் தலைமயிரும் வெள்ளை. இன்று இரண்டு துணியையும் அடுக்கி, மூன்று ஓரம் மூட்டிப் பஞ்சை அடைத்து, நாலாவதையும் மூடினேன். அருமையான வேலை என்று நினைத்து மேலே படுத்துப் பார்த்தேன். எழும்பினால் பஞ்சு முழுக்க இரண்டு மூலைக்கு ஓடிவிட்டது. நடுவில் சும்மா துணி.

"ஆட்டை விழுங்கின மலைப்பாம்பு மாதிரிக் கிடக்கு" என்றாள் யோகம்மா.

திரைக்குப் போய் முறைப்பாடு செய்தேன். மைமூனா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. பஞ்சை அடைக்கிறதில்லையாம், பரப்புகிறதாம். மேல்துணி, பஞ்சு, கீழ்த்துணி மூன்றையும் பாய் மாதிரி விரித்து, முதலில் நீள நீளமாக நூலோட்டி, பிறகு நடுவில் இருந்து வெளியே, ஒவ்வொரு சதுரத்தையும் மூன்றும் பிடிபடத் தைக்க வேண்டும். அப்போதுதான் பஞ்சு ஓடாது. இலவம்பஞ்சு கள்ளப்பஞ்சு, இடைவெளி கண்டால் ஓடும், ஆகவே நெருக்கமாகத் தைக்கச் சொன்னா.

அவிழ்த்தேன். எல்லாவற்றையும். ஆண்டவரே.

மார்ச் 5. ஞாயிறு

மகள் வெடித்துவிட்டாள்.

கட்டிலை நிமிர்த்திவைத்து, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து நின்றாள். "அப்பா, இதை நான் தைச்சது எண்டு ஆர் சொல்லப் போறது?"

"ஒருத்தரும் சொல்ல வேண்டாம். அவ பார்ப்பா. நாங்கள் சிரிச்சுக்கொண்டு நிப்பம்."

"கேட்டால்?"

"தேத்தண்ணி குடுப்பம்."

"நான் பொய் சொல்ல மாட்டன் அப்பா. அந்த வீட்டில போய் இருக்கப் போறது நான். முதல் நாளே பொய்யைப் போர்த்துக்கொண்டு படுக்க ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. அவளில் இல்லை. சரியாகச் சொன்னாளே என்றுதான். நானும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு சதுரம் அவள் தைக்க வேண்டும். அதன்பிறகு "நானும் தைச்சனான்" என்றால் பொய்யில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். மஞ்சள் துண்டில் ஒரு மீன்முள் தையல். எங்கள் ஊரில் பிறந்து மீன்முள்ளை இப்படித் தைத்தவள் இவள் ஒருத்திதான். பூனையும் சாப்பிட யோசிக்கும். ஆனால் தைத்தாள். விரலில் நாலு இடத்தில் குத்திக்கொண்டு.

அவளுடைய சதுரத்தை ஒரு ஓரமாக, தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒளிக்கத்தான்.

மார்ச் 14. செவ்வாய்

துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லாமல் கப்பல். (எத்தனை என்று எழுதக் கூடாது. எனக்கும் தெரியாது.) வேலையில் முதுகு முறிகிறது. வீட்டுக்கு வந்தாலும் தையல். கனவிலும் தையல். நேற்று துரை உறையொன்றைத் தூக்கிப் பார்த்து, ஏன் இதில் இறகுத் தையல் இருக்கிறது என்று கேட்டார். கை தவறிப்போய்விட்டது.

ஏப்ரல் 2. குருத்தோலை ஞாயிறு

முடிந்தது. ஓரம் முழுக்க இறகுத் தையல், மூலைகளில் பூ. பூ என்றே திரையும் ஒத்துக்கொண்டது. "நல்லாயிருக்கு அண்ணன்" என்று மைமூனா சொன்னபோது, துரை சம்பளம் கூட்டினதுக்கும் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பிறகு மூலைகளை முடிக்கும்போது றஹ்மானோடு பந்து விளையாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்து விரித்தோம்.

யோகம்மா நாலு பக்கமும் சுற்றி வந்தாள். குனிந்தாள். "இஞ்சருங்கோ… இதென்ன ஓட்டை?"

நாலு மூலையிலும் நாலு கண். வட்டமாக வெட்டி, சுற்றிவர நூலால் இறுக்கி, கயிறு கோக்கிறதுக்கு வசதியாக. பத்து வருசமாகக் கித்தான் தைக்கிற கை. மூலை என்று ஒன்றைக் கண்டால் கண் வைக்காமல் விடாது. நான் கதையில் இருக்க, கை தன்பாட்டில் தன் வேலையைப் பார்த்துவிட்டது. அவிழ்க்கவும் ஏலாது, துணி வெட்டுப்பட்டுப்போச்சு.

"காத்தடிச்சால் கட்டிலில கட்டி வைக்கலாம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இன்பமலர் சிரித்தாள், நிலத்தில் இருந்து, கண்ணில் தண்ணி வர. இந்த மூன்று மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 10. திங்கள்

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிறிஸ்டின் அக்கா வந்தா. உயரமான மனுசி, மூக்குக்கண்ணாடி. கூடவே யேசுரட்ணமும். பெடியன் எங்கள் மகளைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான், பிறகு மகளை. அக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை. "போர்வையைப் பார்ப்பமா?"

விரித்தோம். முன்பக்கத்தில் ஒரு பார்வை, அவ்வளவுதான். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தா. நல்ல தையல்காரர் பின்பக்கத்தைத்தான் பார்ப்பினமாம். தலையாட்டினா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்பன் என்கிறதை மறந்து தொழிலாளியாக நிமிர்ந்தது.

"இந்த ஓட்டை?"

"காயப்போட, அக்கா" என்றாள் யோகம்மா, கண் இமைக்காமல். இருபது வருசத்தில் இவளுக்கு இந்தத் திறமை இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அக்கா தன் பையில் இருந்து ஊசியும் நூலும் எடுத்தா. "மகள், இந்த இறகுத் தையல் வடிவாயிருக்கு. எனக்கு ஒண்டு போட்டுக் காட்டுங்கோ, நான் பழகவேணும்."

ஊசி இன்பமலரின் கையில். நான் அவளைப் பார்த்துக் கண்ணால் என்னென்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"எனக்குத் தெரியாது மாமி" என்றாள். "இது அப்பா தைச்சது. இந்த மஞ்சள் சதுரம் மட்டும்தான் என்ர."

அக்கா மஞ்சள் சதுரத்தைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. "ஓம், தெரியுது" என்றா. பிறகு ஊசியை வாங்கி என்னிடம் நீட்டினா. "அப்ப நீங்கள் போடுங்கோ."

போட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இறகுத் தையல். அக்கா குனிந்து பார்த்தா.

"இறுக்கிறியள். விடுங்கோ."

"தளர விட்டால் காத்து—"

"கட்டிலில எங்கால காத்து?"

ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா போர்வையை நாலாக மடித்து மேசையில் வைத்தா. "அங்க முதல் வருசம் வாற பிள்ளையள் குளிரில அழுங்கள். நானும் அழுதனான். தான் தைச்சதை மூடிக்கொண்டு அழுதால் ஒரு தெம்பு. அதுக்குத்தான் இந்த வழக்கம், பகட்டுக்கில்லை. நான் யோசிக்க வேணும்" என்றா. எழும்பிப் போய்விட்டினம். பெடியன் வாசலில் திரும்பிப் பார்த்தான். இன்பமலர் உள்ளே போய்விட்டாள்.

கெடுத்தது ஆர்? நான்தான். "ஓம்" என்று முதல் நாளே தலையாட்டினது ஆர்?

ஏப்ரல் 11. செவ்வாய்

இன்பமலர் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். என்னோடு வழமைபோலக் கதைத்தாள். அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

ஏப்ரல் 20. வியாழன்

ஒரு பதிலும் இல்லை. மச்சானையும் காணவில்லை. யாட்டில் பகிடி விடுகிறவர்களும் நிறுத்திவிட்டார்கள். றஹ்மான் பக்கத்தில் இருந்து என் நூலுக்கும் சேர்த்து மெழுகு பூசித் தந்தான்.

ஏப்ரல் 30. ஞாயிறு

மச்சான் வந்தார்! பண்டாரவளைக்கே போய் வந்திருக்கிறார். முதலில் சோறு கேட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு சொல் சொல்லவில்லை. யோகம்மா தமையனைக் கரண்டியால் அடிக்கப் போய்விட்டாள்.

யேசுரட்ணம் தாயோடு வாதாடவில்லையாம். ஒரு சண்டையும் இல்லை. அன்றைக்குத் திரும்பிப் போனதில் இருந்து போர்த்தாமல் படுத்தானாம். அந்தக் குளிரில். "ஏன்டா?" என்று கேட்டால், "என்ர போர்வை திருகோணமலையில கிடக்கு அம்மா" என்பானாம். தடிமன், இருமல், மூக்கொழுகல். வேலை செய்கிற கந்தோரிலும் இருமல். கடைசியில் தாய்க்கு நித்திரையில்லை.

அக்கா சொல்லிவிட்டதை மச்சான் அப்படியே சொன்னார்: "போர்வையில பொய் இருக்கு, பிள்ளையில இல்லை. பிள்ளை வரட்டும். போர்வையும் வரட்டும். ஆனால் தைச்சவையின்ர பேரை அதில தைச்சு அனுப்பட்டும். என்ர வீட்டுக்குள்ள ஒரு சாமானும் கள்ளப்பேரில வரக்கூடாது."

நான் முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். புகை கண்ணில் பட்டுவிட்டது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை, ஆனாலும் புகை.

மே 7. ஞாயிறு

என் பேரைச் சங்கிலித் தையலில் தைத்தேன். "இராசதுரை." நீளமான பேர். தகப்பன் வைக்கும்போது தைக்க வேண்டிவரும் என்று யோசிக்கவில்லை. 'ரை'யின் கொம்பில் இரண்டுதரம் நூல் அறுந்தது.

"பஞ்சு உரிச்சது ஆர்?" என்று யோகம்மா கேட்டாள். அவள் பேரையும் காம்புத் தையலில் தைத்தேன். இன்பமலர் தன் பேரைத் தானே, தன் மஞ்சள் சதுரத்தில் தைத்தாள். கடைசி எழுத்துக்கு இடம் காணாமல் பக்கத்துச் சதுரத்துக்குள் போய்விட்டது.

மைமூனாவைக் கேட்டேன். "எனக்குப் பேர் வேணாம் அண்ணன். மூலையில ஒரு சின்னப் பிறை போடுங்க. பாக்கிறவங்க அதையும் ஒரு பூ எண்டு நினைக்கட்டும்." போட்டேன். மெதடிஸ்த கலியாணத்துக்குப் பிறை வைத்த போர்வை. போதகருக்குச் சொல்லவில்லை.

மே 29. திங்கள்

கலியாணம் முடிந்தது. நான் அழவில்லை என்று யோகம்மா சொல்லுகிறாள். அவள் பொய் சொல்லுவாள் என்பது ஏப்ரல் பத்தாந் திகதிதான் தெரிந்தது.

ஒக்டோபர் 15. ஞாயிறு. பண்டாரவளை

லீவு எடுத்துக்கொண்டு வந்தோம். இந்தக் குளிருக்கு மனுசர் எப்படி வாழுகிறார்களோ. காதைத் தொட்டால் காது இருக்கிறதா என்று சந்தேகம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்புக்குக் கிட்ட எல்லாரும் இருந்தோம். இன்பமலர் கதிரையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பத்திரிகையில் யுத்தச் செய்தி வாசிக்கிறாள், சத்தமாக, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி. அவளுக்குப் பக்கத்தில் மருமகன் குனிந்திருந்து ஏதோ தைக்கிறான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஓம், தைக்கிறான். கிறிஸ்டின் அக்கா கண்ணாடிக்கு மேலால் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறா.

"இந்த வீட்டில ஒருத்தருக்காவது தெரிய வேணும்தானே" என்றா என்னிடம். "மருமகள் பழகமாட்டா. எனக்கு வயது போகுது. அவன் கெதியாய்ப் பிடிச்சிட்டான்."

"மாமா, இந்த மூலையை எப்பிடித் திருப்புறது?" என்று பெடியன் துணியை நீட்டினான். வெள்ளைத் துணி, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு. கையில் எடுத்தேன். அகலம் இல்லை. ஒரு தலையணை அளவும் இல்லை.

"தம்பி, அளவு பிழைச்சுப்போச்சு" என்றேன். "இதைப் போர்த்தால் உங்கட முழங்காலுக்கும் காணாது."

"காணும். பெப்ரவரிக்கு முன்னம் முடிச்சால் சரி" என்றா அக்கா.

"பெப்ரவரியில என்ன, குளிர் கூடவோ?"

யோகம்மா என்னைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தா. மருமகன் ஊசியைப் பார்த்தான். இன்பமலர் பத்திரிகையை மெல்ல உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள், பத்திரிகை குலுங்குகிறது.

நான் ஊசியை வாங்கி, தேவையில்லாமல் ஒரு மூலையை அவிழ்த்து, திரும்பத் தைத்தேன். இறுக்காமல்.